பெட்டையில்லாப் பேட்டை

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்: எங்கள் தோட்டத்தில் ஏழு சேவல் உண்டு, பெட்டை ஒன்றுகூடக் கிடையாது என்று. மடிநோயைப் பற்றி மூன்று இதழ் மூச்சுப் பிடித்து எழுதியபோது எட்டிப் பார்க்காத தபால்காரர், இந்த ஒரு வரிக்காகத் தினமும் கேட்டருகே நின்று மணியடிக்கிறார். ஆகவே இந்த முறை முழுக்கச் சேவல். மாடு வைத்திருப்பவர்கள் அடுத்த இதழ் வரை அசைபோட்டுக்கொண்டிருக்கவும்.

கேள்வி: ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். உங்கள் கூட்டில் மட்டும் எப்படி ஏழு?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோபிசெட்டிபாளையம்

கத்திக்குக் கூடப்பிறந்த கத்தி கிடையாது, ஐயா. சேவலுக்கு உண்டு. என்னுடையவை ஏழும் ஒரே வாரத்தில் இரண்டு கோழிகள் பொரித்த குஞ்சுகள். பருந்தும் மரநாயும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டதுபோக மிஞ்சியவை பதினொன்று. அதில் நாலு பெட்டை. பெட்டைகளை என் தங்கை வந்து, தாய்க்கோழிகளோடு சேர்த்துக் கூடையில் அள்ளிக்கொண்டு போனாள். சேவலை யாரும் கேட்கவில்லை. கேட்ட இரண்டொருவரும் கேட்டுவிட்டு, வீட்டில் மிளகு இருக்கிறதா என்று போனில் விசாரித்தார்கள். எனக்கு மனசு வரவில்லை. இப்படித்தான் இந்தப் பேட்டை உருவானது. திட்டம் போட்டு ஆரம்பித்ததாக நினைத்துப் பாராட்டிவிடாதீர்கள்.

சேர்ந்து வாழ்வதற்குக் காரணம் எளிது. சேவல்களுக்குள் 'யார் பெரியவன்' என்று ஒரு கணக்கு உண்டு. சின்ன வயதிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை அந்தக் கணக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பார்த்து, ஒருநாள் முடித்துவிடுகின்றன. முடிந்த கணக்கை மறுபடி திறக்க வைப்பது பெரும்பாலும் பெட்டை. பெட்டையும் இல்லை, புதுச் சேவலும் வரவில்லை, தீனிக்கும் இடத்துக்கும் குறைவில்லை என்றால் சேவல்களுக்குச் சண்டை போட விஷயம் கிடைப்பதில்லை. உங்கள் பள்ளியில் ஆசிரியர் அறை எப்படி அமைதியாக இருந்தது? தலைமையாசிரியர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது அல்லவா?

எங்கள் ஏழுக்கும் அவற்றின் வரிசைப்படியே வீட்டில் பெயர் வைத்திருக்கிறோம்: தாசில்தார், துணைத் தாசில்தார், ஆர்.ஐ., சர்வேயர், வி.ஏ.ஓ., கிளார்க், தலையாரி. கீழே இந்தப் பெயர்கள் வரும்போது வருவாய்த் துறை நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்வதெல்லாம் கொண்டை வைத்தவர்களை மட்டும்.

கேள்வி: ஐந்து வெடைச்சேவல்கள். நாலு மாதம் வரை ஒரே தட்டில் தின்று ஒட்டிக்கொண்டு தூங்கின. இப்போது தினமும் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கின்றன. பிரித்து வைத்துவிடட்டுமா?
— இல்லத்தரசி, மணப்பாறை

அவசரப்படாதீர்கள் அம்மா. நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் வெடைச்சேவல் சேவலாகிறது. குரல் உடைகிறது, கொண்டை சிவக்கிறது, கால் முள் மொட்டு விடுகிறது. அதுவரை விளையாட்டாகப் போட்ட கணக்கை இப்போதுதான் நிஜமாகப் போடும். தலையைத் தாழ்த்தி முறைக்கும், நெஞ்சால் மோதும், ஓர் எம்பு எம்பி உதைக்கும். பிறகு ஒன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் தரையைக் கொத்தும். அந்த முகத்திருப்பல்தான் கையெழுத்து. பத்திரம் பதிவாகிவிட்டது என்று நீங்கள் அடுப்படிக்குப் போகலாம்.

நாம் செய்கிற பெரிய தப்பு நடுவில் புகுந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவது. மூன்று நாள் கழித்துத் திரும்ப விட்டால் அது புது ஆள். பாதியில் நின்ற கணக்கு முதல் வரியிலிருந்து ஆரம்பமாகும். தினமும் பிரித்துத் தினமும் சேர்க்கிற வீடுகளில்தான் சண்டை மாதக்கணக்கில் ஓடுகிறது.

ஆனால் தோற்றவன் ஓடிய பிறகும் ஜெயித்தவன் விரட்டிக்கொண்டே இருந்தால் கை வையுங்கள். ரத்தம் வந்தாலும் காத்திருக்காதீர்கள். கோழி இனத்துக்குச் சிவப்பு என்றால் கொத்தத் தோன்றும், சும்மா நின்ற மூன்றாவதும் நாலாவதும்கூட வந்து சேர்ந்துகொள்ளும். ஒன்று மட்டும் மூலையில் தலையை நுழைத்துக்கொண்டு தீனிக்கே வராமல் இருக்கிறதா? அதற்கு அந்தக் கூட்டில் இடமில்லை என்று அர்த்தம். அதை வேறு ஏற்பாடு செய்து பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தில் நாலு ஒத்துப்போனாலே நல்ல குடும்பம்தான்.

கேள்வி: பெட்டைகள் தூரத்தில் தனிக் கூட்டில் இருந்தால் பரவாயில்லையா? கம்பி வலை வழியாகப் பார்த்துக்கொள்வதில் என்ன தப்பு?
— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

தம்பி, இந்தக் கேள்வியை நீங்கள் சேவலுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

பார்க்கக்கூடாது. முடிந்தால் பெட்டையின் குரலும் அதிகம் கேட்காத தூரம் நல்லது. போன ஐப்பசியில் பக்கத்துத் தோட்டத்துக் கறுப்புப் பெட்டை ஒன்று வேலிச் சந்தில் நுழைந்து எங்கள் வாசலில் அரைமணி நேரம் கரையான் கிளறிவிட்டுப் போனது. அது யாரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஆறு மாதம் மூச்சுக் காட்டாத சர்வேயருக்கு அன்றைக்குத்தான் தான் ஆர்.ஐ.க்கு எந்த விதத்தில் குறைச்சல் என்ற சந்தேகம் வந்தது. மூன்று நாள் ரகளை. ஆர்.ஐ.யின் கொண்டையில் இரண்டு பல் போயிற்று. வேலிச் சந்தை அடைத்துவிட்டேன்.

கேள்வி: ஆக, பெண்கள் இல்லாத இடத்தில்தான் அமைதி என்கிறீர்கள். சேவல் சண்டைக்கும் பழி எங்கள் தலையிலா?
— வாசகி, திருநெல்வேலி

வரும் என்று தெரியும். சமாதானக் கொடியோடு பதில் சொல்கிறேன்.

பெட்டைகள் சாது என்று நான் எங்கேயும் எழுதவில்லை. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு என்பதை 1922இல் எழுதிக் காட்டியவர் நார்வே நாட்டு தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே. சிறுவனாக இருந்தபோதே கோழிகளின் பின்னால் நோட்டோடு அலைந்தவர். அவர் பார்த்தது பெரும்பாலும் பெட்டைகளை. முதல் பெட்டை எல்லாரையும் கொத்தும், கடைசிப் பெட்டை எல்லாரிடமும் கொத்து வாங்கும். கூட்டுக்குடும்பத்தில் மருமகளாக இருந்தவர்களுக்கு இது நார்வேயிலிருந்து வந்து சொல்ல வேண்டிய செய்தி அல்ல.

அடுத்தது, சேவல் பெட்டைக்காகச் சண்டை போடலாம், பெட்டை கேட்டுக்கொண்டதா? உண்மையில் பாதிக்கப்படுவது அதுதான். ஒரு சேவலுக்கு எட்டு, பத்துப் பெட்டை என்பது ஊர்க்கணக்கு. மூன்று பெட்டைக்கு மூன்று சேவலை விட்டுப் பாருங்கள். மாற்றி மாற்றி மிதித்துப் பெட்டைகளின் முதுகில் இறகே இருக்காது, தோல் கிழிந்து புண்ணாகும். ஆகவே மிச்சச் சேவல்களைத் தனியே பேட்டை போட்டு வைப்பது பெட்டைகளுக்குத்தான் முதல் நிம்மதி. நான் பெண்களை விலக்கவில்லை அம்மா. ஆண்களை ஹாஸ்டலில் சேர்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மனிதர்களில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது அப்பாவின் உயிரணுவைப் பொறுத்தது. கோழிகளில் அது தாயின் முட்டையைப் பொறுத்தது. ஏழு சேவல் பிறந்ததற்குக் கணக்குக் கேட்பதென்றால் தங்கை வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: ஏழும் ஒரே நேரத்தில் கூவினால் தூக்கம் எப்படி?
— தறி உரிமையாளர், பள்ளிபாளையம்

தறிச் சத்தத்தில் தூங்குகிறவர் கேட்கிற கேள்வியா இது!

ஏழும் ஒரே நேரத்தில் கூவாது. அங்கேயும் புரோட்டோகால். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சேவல்களைக் குழுவாக வைத்துக் கவனித்து 2015இல் எழுதினார்கள்: விடியற்காலையில் முதல் கூவல் முதல் இடத்துச் சேவலுடையது. அதன் பிறகே இரண்டாவது, மூன்றாவது என்று வரிசைப்படி. முதல்வனைத் தூக்கிவிட்டால் இரண்டாவது அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. அதற்கு இரண்டு வருடம் முந்தியே அதே குழுவினர் இன்னொன்றைக் காட்டியிருந்தார்கள். மங்கலான ஒரே வெளிச்சத்தில் நாள் முழுக்க வைத்தாலும், உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தை வைத்தே சேவல் விடியலை முன்கூட்டிக் கணக்கிட்டுக் கூவுகிறதாம்.

இதைப் படித்துவிட்டு ஒருநாள் நாலு மணிக்கே கட்டிலைத் திண்ணையில் போட்டுக்கொண்டு படுத்தேன். தாசில்தார் கூவினார். துணை கூவினார். பிறகு ஒரு சின்ன இடைவெளி, கோப்பு நகர்கிற நேரம்போல. தலையாரியின் முறை வருவதற்குள் பால்காரர் வந்துவிட்டார்.

கேள்வி: அடுக்குமாடியில் மொட்டைமாடி எனக்குத்தான். நாலு சேவல் வளர்க்கலாமா?
— மென்பொருள் பொறியாளர், கோவை

வளர்க்கலாம், வேறு வீடு பார்த்துக்கொண்டு.

சேவலின் தலையருகே ஒலிவாங்கி வைத்துப் பெல்ஜியத்தில் அளந்தபோது காது வாசலில் சத்தம் 140 டெசிபலைத் தாண்டியது. தன் கூவலில் தானே செவிடாகாமல் இருக்க அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு: அலகை முழுக்கத் திறக்கும்போது காதுத் துவாரம் அடைபட்டுக்கொள்கிறது. கீழ்வீட்டுக்காரருக்கு அந்த வசதி இல்லையே.

பிரான்சில் ஓலெரோன் தீவில் மோரீஸ் என்றொரு சேவல் இருந்தது. விடுமுறைக்கு வந்து தங்கும் பக்கத்து வீட்டார் அதன் கூவல் தொல்லை என்று வழக்குப் போட்டார்கள். 2019இல் ரோஷ்போர் நீதிமன்றம் மோரீஸ் கூவலாம் என்று தீர்ப்பளித்து, வழக்குப் போட்டவர்களே சேவல் வீட்டாருக்கு 1,000 யூரோ கொடுக்க வேண்டும் என்றது. 2021இல் நாட்டுப்புறத்துச் சத்தங்களையும் வாசனைகளையும் காக்க அங்கே ஒரு சட்டமே வந்துவிட்டது. மோரீஸ் அதைப் பார்க்க இல்லை; தீர்ப்புக்கு மறுவருடமே போய்ச்சேர்ந்தது. ஆனால் அது கிராமம், சார். மோரீஸே உங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் மாட்டியிருந்தால் தீர்ப்பு வேறு மாதிரி வந்திருக்கும்.

கேள்வி: சேவல்களுக்கு மட்டும் கூடு கட்டப்போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
— இயற்கை விவசாயி, சத்தியமங்கலம்

உருப்படியான கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெட்டைக் கூட்டுக்குச் சொல்லும் இடக்கணக்கை மறந்துவிடுங்கள். சேவலுக்கு அதைவிடத் தாராளமாக வேண்டும். பகலில் மேய வெளி இருந்தால் பாதிப் பிரச்சினை கதவுக்கு வெளியே போய்விடும். ராத்திரிக் கூடு சுமாராக இருந்தாலும் ஒப்பேற்றிவிடலாம்.

எனக்கு அனுபவத்தில் புரிந்தது, மூலைதான் எதிரி. விரட்டப்பட்ட சேவல் மூலைக்குள் மாட்டினால் ஓட வழியில்லை. ஓட வழியில்லாவிட்டால் தோல்வியை ஒப்புக்கொள்ளவும் வழியில்லை. ஒப்புக்கொள்ளாதவனை ஜெயித்தவன் விடமாட்டான். அதனால் மூலைகளில் தென்னை மட்டையையோ பழைய பலகையையோ சாய்த்து, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிற மாதிரி வைத்திருக்கிறேன். நடுவிலும் இரண்டு மூன்று தடுப்பு. பார்வையிலிருந்து மறைந்துவிட்டால் துரத்துகிறவன் எதற்குத் துரத்தினோம் என்பதையே மறந்துவிடுகிறான். ஒரு பஞ்சாரத்தை ஒரு பக்கம் செங்கல் முட்டுக் கொடுத்துத் தூக்கி வைத்தாலும் போதும். எங்கள் தலையாரிக்குப் பகலில் அதுதான் அலுவலகம்.

தீனித் தட்டு ஒன்று மட்டும் வைக்காதீர்கள். மூன்று வையுங்கள், ஒரு தட்டிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாதபடி. முதல் நாள் நான் மூன்றையும் வரிசையாக வைத்தேன். தாசில்தார் நடுவில் நின்று மூன்றையும் தணிக்கை செய்தார். தண்ணீரும் அப்படியே, இரண்டு இடத்தில்.

உட்காரும் கழி ஒரே உயரத்தில் நீளமாக இருக்கட்டும். ஏணிப்படி மாதிரி கட்டினால் மேல்படிக்குத் தினமும் சாயங்காலம் இடைத்தேர்தல் நடக்கும். தரையில் வைக்கோலையோ சருகையோ நிறையப் போட்டு அதில் கம்பு, சோளம் இறைத்துவிடுங்கள். கிளறிக்கொண்டிருக்கிற சேவலுக்கு வம்புக்கு நேரமிருக்காது. எந்த வயதில் எந்த இனத்தைக் கட்டி மேய்த்தாலும் இது பொருந்தும் என்று என் மனைவி சொல்கிறாள். அப்போது அவள் பார்வை எங்கே இருந்தது என்பதை எழுதப்போவதில்லை.

கேள்வி: வீட்டில் முட்டைக்கோழித் தீவனம் மூட்டையாக மீந்திருக்கிறது. சேவலுக்குப் போடலாமா?
— மளிகைக் கடைக்காரர், நாமக்கல்

நாமக்கல்லில் மிஞ்சாமல் வேறெங்கே மிஞ்சும்! தொடர்ந்து போடாதீர்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் ஓட்டுக்காகச் சேர்க்கும் கால்சியம் மூன்றரையிலிருந்து நாலு சதவீதம். முட்டையே இடாத சேவலுக்கு ஒரு சதவீதம் தாராளம். அதிகப்படியானதை வெளியேற்றப் பாடுபட்டுச் சிறுநீரகம் கெடும். வளரும் கோழிக்கான தீவனமும் தானியமும் கீரையும் போதும். மூட்டையைப் பெட்டை வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிட்டு முட்டையாகத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

கேள்வி: கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்றை எங்கள் நாலு சேவலோடு விட்டேன். அரைமணி நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது. சாமி குத்தமா?
— கவலையுடன் ஒருவர், உசிலம்பட்டி

சாமி மேல் பழி போடாதீர்கள், அவசரக் குத்தம். முதலில் அதைத் தனியே எடுத்து, காயத்தைக் கழுவி, மருந்து போட்டு, நிழலில் வையுங்கள். கண்ணில் அடி என்றால் கால்நடை மருத்துவரிடம் இன்றைக்கே போங்கள்.

வளர்ந்த சேவல் தன்னந்தனியாக ஒரு பழைய கூட்டத்துக்குள் போவதைப்போலக் கஷ்டம் வேறில்லை. நாலு பேருக்கும் அது திருடன். கட்டாயம் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு மூன்று வாரம் எங்காவது தூரத்தில் வைத்து நோய் எதுவும் இல்லை என்று பாருங்கள். வெள்ளைக்கழிச்சல் ஒன்று வந்தால் ஐந்தையும் ஒரே வாரத்தில் குழிக்குள் இறக்க வேண்டியிருக்கும். தடுப்பூசியும் போட்டுவிடுங்கள். பிறகு கம்பி வலைக்கு அந்தப் பக்கம், பார்க்கலாம் ஆனால் தொடமுடியாது என்று சில வாரம். அதன் பிறகு யாருக்கும் சொந்தமில்லாத புது இடத்தில், நிறைய இடம் விட்டு, நீங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஐந்தையும் விடுங்கள். அப்படியும் ஒத்துவராமல் போகலாம். என் அபிப்பிராயம் கேட்டால், நேர்ந்துவிட்ட சேவல் தனியாகவே ராஜாவாக இருக்கட்டும்.

கேள்வி: கட்டுச்சேவல் இரண்டு வைத்திருக்கிறேன். சண்டைக்கு விடுவதில்லை, ஆசைக்குத்தான். சேர்த்து மேயவிடலாமா?
— தென்னந்தோப்புக்காரர், உடுமலை

கூடாது. மேலே நான் சொன்னதெல்லாம் 'தோற்றவன் திரும்பிக்கொள்வான், ஜெயித்தவன் விட்டுவிடுவான்' என்ற நம்பிக்கையின் மேல் கட்டியது. கட்டுச்சேவலாக வளர்க்கிற அசில் ரகத்தில் அந்தத் திரும்பிக்கொள்ளும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வெளியே போட்டுவிட்டார்கள். ஒன்று விழும்வரை நிற்காது. கட்டுச்சேவல் என்ற பெயரே பாதி விளக்கம்: தறிக்கு ஒன்றாக, கயிறு எட்டாத தூரத்தில் காலைக் கட்டித்தான் நம் ஆட்கள் வைத்திருந்தார்கள்.

இந்தப் பித்து நமக்குப் புதிதல்ல. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், சண்டையில் செத்த சேவலுக்கு ஒரு நடுகல்லே இருக்கிறது, சேவலைக் கல்லில் செதுக்கி எழுத்தும் பொறித்து. மனிதனுக்கு வைப்பதைப் பறவைக்கும் வைத்த அந்த மனசைப் படித்து உருகலாம். கல் வைத்துக் கொண்டாடியதைவிடச் சாகாமல் பார்த்துக்கொண்டிருந்தால் சேவல் சந்தோஷப்பட்டிருக்கும் என்றும் எனக்குத் தோன்றுகிறது. மற்றபடி, விலங்குகளை மோதவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நீங்கள் ஆசைக்குத்தான் என்கிறீர்கள், நம்புகிறேன். எதற்கும் நடுவில் ஒரு சுவர் எழுப்பிவிடுங்கள்.

கேள்வி: கால் முள்ளை வெட்டிவிட்டால் காயம் வராதே?
— வாசகர், தேனி

வெட்டாதீர்கள். உள்ளே எலும்பும் ரத்தமும் இருக்கிறது. நுனியை மட்டும் அரத்தால் தேய்த்து மழுக்கிவிடுங்கள், ராத்திரியில், தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது. தேய்க்கிறவரும் தூக்கக் கலக்கத்தில் இருக்கக் கூடாது.

கேள்வி: காயடித்துவிட்டால் எல்லாத் தொல்லையும் தீருமே?
— அவசரக்காரர், ஈரோடு

தீரும். 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்தோல்ட் என்ற பேராசிரியர் ஆறு இளஞ்சேவல்களை வைத்து இதைத்தான் எழுதிக்காட்டினார். விதையை எடுத்துவிட்டவை கொண்டை வெளுத்து, கூவாமல், சண்டைக்கும் போகாமல் வளர்ந்தன. எடுத்த விதையை வயிற்றுக்குள் வேறு இடத்தில் வைத்த மற்றவை முழுச் சேவலாகவே வளர்ந்து கூவின, முட்டிக்கொண்டன, பெட்டைகளைத் துரத்தின. ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகிறது என்று அவர் ஊகித்தார். ஹார்மோன் என்ற சொல் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முந்தி!

ஆனால் காளைக்குச் செய்கிற வேலை அல்ல இது. சேவலின் விதை முதுகெலும்பை ஒட்டிச் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில், உடம்புக்குள்ளே இருக்கிறது. விலாவைத் திறக்க வேண்டும். ஒரு மட்டையைச் சாய்த்து வைத்துத் தீர்க்கிற விஷயத்துக்குக் கத்தி எதற்கு?

கேள்வி: சேவல் மேல் சேவல் ஏறுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் உடனே அறுத்துவிடச் சொல்கிறார்.
— பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்

பெட்டையில்லாத கூட்டில் நடப்பதுதான். நான் பெரியவன் என்று காட்டுவதும் அதில் கலந்திருக்கும். ஒரே சேவல் திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டு முதுகில் இறகு உதிர்ந்தால் மட்டும் அதைக் காப்பாற்றுங்கள். பெரியவரிடமிருந்து இரண்டையும் காப்பாற்றுங்கள்.

கேள்வி: நீள முட்டை சேவலாகும், உருண்டை முட்டை பெட்டையாகும் என்று என் பாட்டி பார்த்துத்தான் அடை வைப்பார். அப்படிப் பொறுக்கிவிட்டால் உங்கள் பேட்டையே தேவையில்லையே?
— செவிலியர், தஞ்சாவூர்

உங்கள் பாட்டிக்குத் துணையாக ரோமாபுரியின் பிளினி இருக்கிறார். உருண்டை முட்டைதான் பெட்டை என்று எழுதியிருக்கிறார். ஆனால் அவருக்கு முந்தியே கிரேக்கத்து அரிஸ்டாட்டில் நேர்மாறாக, நீள முட்டைதான் பெட்டை என்று எழுதிவைத்துவிட்டார். இரண்டு பேருக்கும் பொரித்தவை பாதிக்குப் பாதியாகத்தான் பொரித்திருக்கும். வடிவத்துக்கும் குஞ்சுக்கும் சம்பந்தமில்லை.

அந்தப் பாதிதான் இந்தக் கடிதங்களுக்கெல்லாம் மூலம். எந்த அடை வைத்தாலும் ஏறக்குறைய பாதி சேவல், தேவையோ பத்துக்கு ஒன்று. மிச்சம் எங்கே போகிறது? நாட்டுக்கோழி வளர்க்கும் வீட்டில் குழம்புக்கு. முட்டைக்கோழிப் பண்ணைக்குக் குஞ்சு பொரிக்கும் இடங்களில் அந்த மரியாதையும் இல்லை. முட்டையும் இடாது, சதையும் சீக்கிரம் பிடிக்காது என்று உலகெங்கும் ஆண்குஞ்சுகளைப் பிறந்த அன்றே கொன்றுவிடுவார்கள். ஜெர்மனி 2022ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து அதைத் தடைசெய்தது. இப்போது முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று பார்க்கும் இயந்திரங்கள் ஓடுகின்றன. பாட்டி கையில் தூக்கிப் பார்த்ததைத்தான் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்கிறார்கள், சரியாக வருகிறது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

நம் தெருவில் கூடையில் வைத்துப் பச்சையும் ரோசுமாகச் சாயம் பூசி விற்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? அவை பெரும்பாலும் இப்படி ஒதுக்கப்பட்ட ஆண்குஞ்சுகள்தான். எட்டு வயதில் அம்மாவிடம் அழுது ஒரு பச்சைக் குஞ்சு வாங்கினேன். நாலு நாள் இருந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போயிருக்கிறேன்.

கேள்வி: முட்டை கிடையாது, கறியும் போடமாட்டீர்கள். ஏழு சேவலால் உங்களுக்கு என்னதான் பிரயோஜனம்?
— கணக்குத் தணிக்கையாளர், மதுரை

தென்னைக்கு எரு, தோட்டத்தில் கரையான் குறைவு, உங்கள் கடிதம். இன்னும் வேண்டுமா?

ஜெர்மனியில் பான் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2023இல் ஒரு பரிசோதனையை எழுதியிருந்தார்கள். சேவலைத் தனியாக விட்டு மேலே பருந்தின் நிழலை ஓட்டினால் அது பெரும்பாலும் சத்தம் காட்டுவதில்லை. வலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு சேவல் இருந்தால் எச்சரிக்கைக் குரல் கொடுக்கிறது. பெட்டைக்காக அல்ல, இன்னொரு சேவலுக்காக. இதைப் படித்ததிலிருந்து நானும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் வந்தது பருந்து, தோப்புக்கு மேலே ஒரு வட்டம். முதலில் பார்த்தது தலையாரி. பஞ்சாரத்துக்கு வெளியே வந்து, கழுத்தை நீட்டி, நான் அதுவரை கேட்டிராத ஒரு நீளக் குரல் கொடுத்தது. அடுத்த நொடி வாசலில் ஒரு சேவல் இல்லை. தலையாரி தானும் ஒளிந்துகொள்ளத் திரும்பிப் பார்த்தால் பஞ்சாரத்துக்குள் இடமில்லை. உள்ளே தாசில்தார் உட்கார்ந்திருந்தார்.